பக்கப் பலகமும் கீபோட்டின் பிடியும்: வேர்ட் பழகுவோருக்கு ஒரு விளக்கம்

பாடசாலைச் செயற்றிட்ட அறிக்கை, கல்வியியல் கல்லூரி ஒப்படை, கோயில் திருவிழா விஞ்ஞாபனம், தோட்டத்து வாசிகசாலைக் கூட்ட அறிக்கை. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு கொமினிகேஷன் கடையில் டைப் பண்ணக் கொடுக்கிற வேலைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இரண்டு பக்கக் கடிதத்துக்கு மவுஸ் போதும். நாற்பது பக்க ஒப்படை என்று வந்துவிட்டால், தலைப்புகளைத் தேடவும் எழுத்து வடிவத்தைச் சரிபார்க்கவும் ஆசிரியர் எழுதிய குறிப்புகளைப் பார்க்கவும் பக்கப் பலகங்கள் தேவைப்படும். அங்கேதான் நேரம் போகிறது. பலகத்தைத் திறக்க ஒரு கிளிக், மூட அந்தச் சின்னப் பெருக்கல் குறியைத் தேடி இன்னொரு கிளிக், இடையில் கர்சர் இருந்த இடமும் தவறிவிடும். டச்பேட் மட்டும் உள்ள மடிக்கணினியில் இது இன்னும் சிரமம்.

பக்கப் பலகம் என்பது வேர்ட் போன்ற மென்பொருளில் ஆவணத்தின் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒட்டிக்கொண்டு திறக்கும் நீளமான பகுதி. தலைப்புப் பட்டியல், ஸ்டைல் (தலைப்பு, உபதலைப்பு என்று பெயரிட்டு வைத்த எழுத்து வடிவமைப்பு) பட்டியல், எழுத்துப்பிழைத் திருத்தம், கொப்பி செய்தவை தங்கும் கிளிப்போர்ட் எல்லாம் இப்படித் திறப்பவைதான். இது உரையாடல் பெட்டியிலிருந்து வேறுபட்டது. உரையாடல் பெட்டி திறந்தால் அதை மூடும்வரை பெரும்பாலும் வேறு வேலை பார்க்க முடியாது. பக்கப் பலகம் திறந்திருக்கும்போதே ஆவணத்தில் எழுதிக்கொண்டு போகலாம். அது வசதி. தொடக்கத்தில் குழப்பம் வருவதும் அதனால்தான்.

பிடி எங்கே இருக்கிறது?

கீபோட் ஒரு நேரத்தில் ஒரே இடத்தோடுதான் பேசும். ஆவணத்துக்குள் கர்சர் மினுங்கிக்கொண்டிருந்தால், அடிப்பதெல்லாம் ஆவணத்தில் விழும். பலகத்தில் உள்ள ஒரு வரி நிறம் மாறியோ சுற்றிலும் கட்டமிட்டோ தெரிந்தால், அம்புக்குறிச் சாவிகள் அந்தப் பலகத்துக்குள்தான் நகரும். எந்த இடம் இப்போது கீபோட்டுக்குச் செவிகொடுக்கிறதோ அங்கே ‘பிடி’ இருக்கிறது என்று இங்கே வைத்துக்கொள்வோம். கணினிக்காரர்கள் இதை ஃபோகஸ் என்பார்கள்.

குறுக்குவழி, அதாவது மவுஸ் இல்லாமல் சாவிகளாலேயே கட்டளை கொடுக்கும் முறை, பழகுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஸ்டைல் பலகத்தைத் திறக்கிறார்கள். வலப்பக்கம் அது வந்து நிற்கிறது. கீழ் அம்புக்குறியை அழுத்துகிறார்கள். பலகத்தில் ஒன்றும் நகரவில்லை, ஆவணத்தில் கர்சர் கீழே இறங்குகிறது. உடனே குறுக்குவழி வேலை செய்யவில்லை என்று மவுஸுக்குக் கை போகிறது. உண்மையில் குறுக்குவழி தன் வேலையைச் செய்துவிட்டது. பலகம் திறந்துவிட்டது, பிடி மட்டும் ஆவணத்திலேயே இருக்கிறது.

பிடியை மாற்றும் சாவி எஃப் 6. மேல் வரிசையில் உள்ள ஃபங்ஷன் சாவியைச் சொல்கிறோம், எஃப் எழுத்தை அல்ல. ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் பிடி அடுத்த பகுதிக்குத் தாவும். ஆவணம், திறந்திருக்கும் பலகம், அடியிலுள்ள நிலைப்பட்டை, மேலே கட்டளைப் பொத்தான்கள் அடுக்கியிருக்கும் ரிப்பன் என்று சுற்றி வரும். ஒரு அழுத்தத்தில் பலகம் வராவிட்டால் இன்னொரு தடவை அழுத்துங்கள். ரிப்பனில் சின்னச் சின்ன எழுத்துகள் முளைத்தால் மேலே போய்விட்டீர்கள் என்று பொருள். ஷிஃப்ட் + எஃப் 6 அதே சுற்றை எதிர்த்திசையில் நடத்தும். பலகத்துக்குள் போன பிறகு டேப் சாவி பொத்தானுக்குப் பொத்தான் நகர்த்தும், அம்புக்குறிகள் பட்டியலில் நகர்த்தும், என்டர் தேர்ந்தெடுக்கும், எஸ்கேப் பெரும்பாலும் ஆவணத்துக்குத் திருப்பி அனுப்பும். எஸ்கேப் பலகத்தை மூடிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல பலகங்களில் பிடி மட்டுமே திரும்பும், பலகம் திறந்தபடியே இருக்கும்.

தேயிலைத் தொழிற்சாலை அறிக்கையில் ஒரு பயிற்சி

வாசித்துவிட்டுப் போவதைவிட ஒரு தடவை செய்து பார்ப்பது நல்லது. வேர்ட்டில் புதிய ஆவணம் ஒன்றைத் திறந்து, முதல் வரியில் ‘தேயிலைத் தொழிற்சாலை’ என்று அடியுங்கள். அதன் கீழே தனித்தனி வரிகளில் வாட்டல், உருட்டல், நொதிக்கவிடல், உலர்த்தல், தரம்பிரித்தல் என்று அடித்து, ஒவ்வொன்றின் கீழும் நான்கைந்து வரி ஏதாவது எழுதுங்கள். எங்காவது ஓரிடத்தில், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதையும் ஒரு வரி சேருங்கள். தேட உதவும்.

இப்போது முதல் வரியில் கர்சரை வைத்து கொன்ட்ரோல் + ஆல்ட் + 1. அது முதல்நிலைத் தலைப்பாகிவிடும். மற்ற ஐந்திலும் கர்சரை வைத்து கொன்ட்ரோல் + ஆல்ட் + 2. அவை உபதலைப்புகள். எழுத்தைப் பெரிதாக்கி, தடிப்பாக்கி விட்டால் தலைப்பாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணுக்கு அது தலைப்புப் போலத்தான் இருக்கும். வேர்ட்டுக்கு அது வெறும் தடித்த வரி. தலைப்பு ஸ்டைல் போட்டால்தான் பலகத்தில் வரும்.

அடுத்து ஆல்ட் சாவியை அழுத்தி விடுங்கள், பிறகு டபிள்யூ, பிறகு கே. மூன்றையும் ஒன்றாக அழுத்துவதில்லை, ஒன்றன்பின் ஒன்று. இடப்பக்கத்தில் நெவிகேஷன் பலகம் திறந்து, ஆறு தலைப்புகளும் படிபடியாக அடுக்கி நிற்கும். எஃப் 6 அழுத்திப் பிடியை அங்கே கொண்டுபோங்கள். பிடி தேடல் பெட்டியில் நின்றால் டேப் அழுத்திப் பட்டியலுக்கு இறங்கலாம். ‘உலர்த்தல்’ வரை கீழ் அம்புக்குறியால் போய் என்டர் அழுத்தினால் ஆவணம் அந்த இடத்துக்குத் தாவும். ‘தேயிலைத் தொழிற்சாலை’ மேல் நின்று இடது அம்புக்குறியை அழுத்தினால் கீழுள்ள ஐந்தும் மடிந்து மறையும், வலது அம்புக்குறி திரும்ப விரிக்கும். நாற்பது பக்க ஒப்படையில் ஒரு தலைப்பை எட்ட ஸ்க்ரோல் செய்துகொண்டே போவதை நிறுத்த இது ஒன்றே போதும்.

தேட வேண்டுமானால் நேராக கொன்ட்ரோல் + எஃப். இங்கே பிடி தானாகவே தேடல் பெட்டிக்குப் போய்விடும், எஃப் 6 தேவையில்லை. 1867 என்று அடித்துப் பாருங்கள். அந்த எண் வரும் இடம் ஆவணத்தில் நிறம்பூசித் தெரியும். எஸ்கேப் அழுத்தி ஆவணத்துக்கு வாருங்கள். ஒரே சொல் பல இடங்களில் இருந்தால் ஷிஃப்ட் + எஃப் 4 அதே தேடலை அடுத்த இடத்துக்குத் தொடரும். முடிந்ததும் மறுபடி ஆல்ட், டபிள்யூ, கே. திறந்த அதே வழிதான் மூடவும்.

தலைப்பு ஸ்டைல் போட்டும் பலகத்தில் வரவில்லை என்றால், அந்தத் தலைப்பு அட்டவணைக்குள்ளோ டெக்ஸ்ட் பொக்ஸுக்குள்ளோ இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றுக்குள் இருப்பதை இந்தப் பலகம் காட்டாது. அழகுக்காகத் தலைப்பைச் சுற்றிப் பெட்டி போடுகிற வழக்கம் நம்மிடம் அதிகம். பெட்டிக்குப் பதிலாகப் பந்திக்கு எல்லைக்கோடு போட்டால் அழகும் இருக்கும், தலைப்பும் பலகத்தில் வரும்.

இந்தப் பலகம் வேர்ட் 2010 முதல்தான் இப்படி இருக்கிறது. 2007 பதிப்பில் கொன்ட்ரோல் + எஃப் அழுத்தினால் பழைய உரையாடல் பெட்டிதான் வரும்.

பாமினியில் அடித்தவர்களுக்கு

இலங்கைத் தமிழர்களிடம் பாமினி எழுத்துரு இன்னும் பெரிய அளவில் புழங்குகிறது. பாமினியில் அடிக்கும்போது திரையில் தமிழ் தெரிந்தாலும், கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள்தான். தமிழ் என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று கிடக்கிறது. பாமினி எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் கொடுக்கிறது, அவ்வளவுதான். நெவிகேஷன் பலகம் தலைப்புகளைத் தன் சொந்த எழுத்துருவில் காட்டும். ஆகவே பாமினித் தலைப்புகள் அங்கே புரியாத ஆங்கில எழுத்துக் கோர்வையாகத் தெரியும். பலகம் பழுதாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். தேடல் பெட்டியிலும் அப்படித்தான். ஆங்கில விசைப்பலகையில், பாமினியில் அடிப்பது போலவே அடித்தால் தேடல் நடக்கும், ஆனால் அடித்தது தமிழாகத் தெரியாது.

எஃப் 7 அழுத்திப் பிழை பார்க்கப் போனால் இதைவிடச் சிரமம். வேர்ட் பாமினி உரையை ஆங்கிலம் என்று நம்பி, ஏறத்தாழ ஒவ்வொரு சொல்லின் அடியிலும் சிவப்புக்கோடு போட்டு வைத்திருக்கும். நீண்ட ஆவணத்தில் தலைப்புப் பலகத்தைப் பயன்படுத்த வேண்டும் என்றால், தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றிவிடுவதுதான் எங்கள் உறுதியான ஆலோசனை. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உள்ளன. விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் நிர்மலா எழுத்துருவே போதும்.

மூடும் சாவியும் அதன் ஆபத்தும்

நெவிகேஷன் பலகத்துக்குத் தனி வழி இருக்கிறது. மற்றப் பலகங்களை மூடுவது எப்படி? பிடியை எஃப் 6 மூலம் பலகத்துக்குக் கொண்டுபோய், கொன்ட்ரோல் + ஸ்பேஸ் பார் அழுத்தினால் ஒரு சிறு மெனு திறக்கும். நகர்த்து, அளவை மாற்று, மூடு என்ற மூன்றும் ஆங்கிலத்தில் இருக்கும். சி அழுத்தினால் பலகம் மூடும். அளவு மாற்றும் கட்டளையைத் தேர்ந்து என்டர் அழுத்திவிட்டு, இடது வலது அம்புக்குறிகளால் பலகத்தை ஒடுக்கலாம், அகட்டலாம். 1366 புள்ளி அகலமுள்ள சாதாரண மடிக்கணினித் திரையில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு பலகம் திறந்தால், நடுவில் ஆவணம் ஒடுங்கிப்போகும். அப்போது இந்தக் கட்டளையின் அருமை தெரியும்.

ஆபத்து இங்கேதான். பிடி பலகத்தில் இல்லாமல் ஆவணத்திலேயே இருக்கும்போது, தெரிவுசெய்த உரையின்மேல் கொன்ட்ரோல் + ஸ்பேஸ் பார் அழுத்தினால், வேர்ட் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும். கையால் போட்ட தடிப்பு, நிறம், எழுத்துரு எல்லாவற்றையும் களைந்துவிடும். கொன்ட்ரோல் + ஏ போட்டு முழு ஆவணத்தையும் தெரிவுசெய்து வைத்திருந்த நேரத்தில் இது நடந்தால், பாமினியில் இருந்த நாற்பது பக்கமும் ஒரே நொடியில் ஆங்கில எழுத்தாகிவிடும். பயப்பட வேண்டாம். வேறு எதையும் தொடாமல் உடனே கொன்ட்ரோல் + இசட். எல்லாம் திரும்பி வரும். ஆவணத்தை மூடிவிட்டுத் திறந்து பார்ப்போம் என்று மட்டும் போகாதீர்கள். மூடினால் பின்வாங்கும் வழி போய்விடும்.

மூடுவதற்கு முன் ஒரு கணம் பார்வையைப் பலகத்தில் வைத்து, அங்கே ஏதாவது கட்டமிட்டுத் தெரிகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மேலே சொன்ன விபத்து வராது.

எந்தப் பலகத்துக்கு எந்தச் சாவி

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. உங்கள் வேலைக்கு வேண்டிய இரண்டு மூன்றை மட்டும் கை பழகட்டும்.

ஸ்டைல் பலகத்துக்கு கொன்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + எஸ். ஒரு வரி ஏன் இப்படித் தெரிகிறது, யார் என்ன எழுத்துரு போட்டார்கள் என்று ஆராய ஷிஃப்ட் + எஃப் 1. கர்சர் நிற்கும் இடத்தின் எழுத்துரு, அளவு, பந்தி இடைவெளி அனைத்தையும் இந்தப் பலகம் எழுதிக் காட்டும். மற்றவர்கள் அடித்துத் தந்த ஆவணத்தைத் திருத்துகிறவர்களுக்கு இதைவிட உதவியான பலகம் இல்லை. ஆனாலும் இதை அறிந்தவர்கள் குறைவு. ஆங்கிலச் சொல்லுக்கு மாற்றுச் சொல் பார்க்க ஷிஃப்ட் + எஃப் 7. ஆசிரியர் செய்த திருத்தங்களைக் காட்டும் ரிவியூவிங் பலகம் திறந்திருந்தால் ஆல்ட் + ஷிஃப்ட் + சி அதை மூடும்.

கிளிப்போர்ட் பலகத்துக்கு ஆல்ட், எச், எஃப், ஓ என்று ஒன்றன்பின் ஒன்று. கொப்பி செய்தவற்றில் கடைசி 24 அதில் நிற்கும். யாரும் கேட்காமலே இந்தப் பலகம் திடீரென்று திறந்துகொள்வதைச் சிலர் கண்டிருப்பீர்கள். கொன்ட்ரோல் + சி இரண்டு தடவை அடுத்தடுத்து விழுந்தால் திறக்கும்படி ஒரு தெரிவு அதில் இருக்கிறது. பலகத்தின் அடியிலுள்ள ஒப்ஷன்ஸ் பொத்தானில் அதை நிறுத்தலாம்.

கொன்ட்ரோல் + எஃப் 1 பற்றியும் சொல்ல வேண்டும். வேர்ட் 2003 வரை பக்கப் பலகத்தைத் திறக்கவும் மூடவும் இருந்த சாவி அது. பழைய குறிப்புப் புத்தகங்களில் இன்னும் அப்படியே இருக்கும். 2007 முதல் அது ரிப்பனைச் சுருக்கி விரிக்கிறது. பலகம் தேடி அதை அழுத்தி ரிப்பன் காணாமல் போனால், மறுபடி அதையே அழுத்துங்கள்.

சாவி சரி, வேலை நடக்கவில்லை

முதல் காரணம் மடிக்கணினியின் மேல்வரிசை. எஃப் 6, எஃப் 7 சாவிகளின்மேல் ஒலி, வெளிச்சம், விமானப் படம் எல்லாம் வரைந்திருக்கும். அப்படியான கணினியில் சாவியை அழுத்தினால் பலகம் மாறாமல் திரை மங்கும் அல்லது சத்தம் குறையும். எஃப்என் சாவியைச் சேர்த்து அழுத்துங்கள். பல மடிக்கணினிகளில் எஃப்என் + எஸ்கேப் ஒரு தடவை அழுத்தினால் மேல்வரிசை நிரந்தரமாக ஃபங்ஷன் சாவிகளாக மாறிவிடும்.

இரண்டாவது காரணம் மொழி. விண்டோஸில் தமிழும் ஆங்கிலமும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இடது ஆல்ட் + ஷிஃப்ட் மொழி மாற்றும் சாவியாகவும் இருக்கலாம். ஸ்டைல் பலகத்துக்காக மூன்று சாவிகளையும் பிடித்து, எஸ் அழுத்தத் தாமதித்துக் கையை எடுத்துவிட்டால் மொழி மாறிவிடும், பலகம் திறக்காது. அடுத்து அடிக்கும் எழுத்து வேறு மொழியில் விழும்போதுதான் அது தெரியவரும். மூன்றையும் பிடித்தபடியே எஸ்ஸைத் தட்டிவிட்டு, அதன் பிறகு எல்லாவற்றையும் விடுங்கள். தமிழ் உள்ளீட்டில் இருக்கும்போது ஆல்ட் வழியாகப் போகும் எழுத்துச் சாவிகளும், கொன்ட்ரோல் + ஆல்ட் சேர்ந்த சாவிகளும் எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. சில விசைப்பலகை அமைப்புகள் கொன்ட்ரோல் + ஆல்ட் இரண்டையும் தங்கள் கூடுதல் எழுத்துகளுக்காக எடுத்துக்கொள்கின்றன. விண்டோஸ் சாவி + ஸ்பேஸ் பார் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறி, பலகத்தைத் திறந்துவிட்டு, திரும்பத் தமிழுக்கு வாருங்கள். ஃபங்ஷன் சாவிகளுக்கு மொழி கிடையாது. எஃப் 6 எந்த மொழியிலும் எஃப் 6தான்.

மின்சாரம் போய் வந்த பிறகு

காற்றும் மழையும் ஓங்கும் நாட்களில் மரம் முறிந்து மின்கம்பியில் விழுவது மலைநாட்டில் புதிதல்ல. மேசைக்கணினியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தால் அத்தோடு ஆவணமும் போய்விடும். மறுபடி வேர்ட்டைத் திறக்கும்போது இடப்பக்கம் மீட்புப் பலகம் ஒன்று தானாக வரலாம். ஆவணத்தின் பெயரும் அது கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரமும் அதில் இருக்கும். அவசரத்தில் இதை மூடிவிடாதீர்கள். எஃப் 6 மூலம் அங்கே போய், அம்புக்குறியால் மிகப் பிந்திய நேரமுள்ள வரியைத் தெரிந்து, என்டர் அழுத்துங்கள். திறந்ததும் முதல் வேலை எஃப் 12. புதிய பெயரில் சேமித்த பிறகே மற்றதைப் பாருங்கள். மூடும்போது வேர்ட் கேள்வி ஏதும் கேட்டால், பிறகு பார்ப்பதாகச் சொல்லும் தெரிவே பாதுகாப்பானது.

தானாகச் சேமிக்கும் இடைவெளி வழக்கமாக 10 நிமிடம். ஆல்ட், எஃப், டி அழுத்தி ஒப்ஷன்ஸுக்குள் போய், சேவ் பகுதியில் அதை 2 அல்லது 3 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். அப்படியும் கொன்ட்ரோல் + எஸ் பழக்கத்தை விடக் கூடாது.

லிப்ரே ஒஃபிஸிலும் கூகுள் டொக்ஸிலும்

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒஃபிஸ் ரைட்டரில் இதே வேலைகளுக்குச் சாவிகள் இன்னும் எளிது. தலைப்புகளுக்கான நெவிகேட்டர் எஃப் 5, ஸ்டைல்கள் எஃப் 11, பக்கப்பட்டை முழுவதும் கொன்ட்ரோல் + எஃப் 5. அழுத்தினால் திறக்கும், மறுபடி அழுத்தினால் மூடும். பிடி மாற்ற இங்கேயும் எஃப் 6தான், ஆனால் சுற்றில் கருவிப்பட்டைகளும் சேர்வதால் அதிக தடவை அழுத்த வேண்டிவரும். ஆவணத்துக்கு நேரே திரும்ப கொன்ட்ரோல் + எஃப் 6. பலகம் ஓரத்திலிருந்து கழன்று திரையின் நடுவே மிதந்தால், பிடியை அதற்குக் கொடுத்து கொன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப் 10 அழுத்துங்கள், ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். தலைப்பு ஸ்டைலுக்கு ஆல்ட் தேவையில்லை: கொன்ட்ரோல் + 1, கொன்ட்ரோல் + 2.

கூகுள் டொக்ஸ் பிரவுசருக்குள் ஓடுவதால் எஃப் 6ஐ அங்கே நம்ப வேண்டாம், பிடி முகவரிப் பட்டைக்குப் போய்விடும். பக்கப் பலகத்துக்குப் போக கொன்ட்ரோல் + ஆல்ட் + முற்றுப்புள்ளி. பழைய பதிப்புகளின் பலகத்துக்கு கொன்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + எச். குழுவாக ஒப்படை செய்யும்போது யாரோ ஒரு பந்தியை அழித்துவிட்டால், இந்தக் கடைசிப் பலகத்தைத் திறந்து அழிக்கப்படுவதற்கு முந்தைய நேரத்தைத் தேர்ந்து, அந்தப் பந்தியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கொன்ட்ரோல் + சாய்கோடு அழுத்தினால் எல்லாக் குறுக்குவழிகளின் பட்டியலும் திரையிலேயே வரும்.